ஆளில்லாத இடம் பக்கத்திலேயே இருக்கிறது

காட்டிலிருந்து நேற்றுதான் வீடு வந்து சேர்ந்தேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. சந்தோஷம் ஒரு காரணம், போன முறை வந்த ஆத்திரம் இன்னொரு காரணம்.

போன முறை தங்கியது காசு வாங்கும் கேம்பிங் மைதானம். கூடாரத்துக்குக் கூடாரம் கயிறு முட்டுகிற நெருக்கம். பக்கத்துக் குழுவின் ஸ்பீக்கர் நடுச்சாமம் தாண்டியும் ஓயவில்லை. வண்டி நிறுத்தத் தனிக் காசு, விறகுக்குத் தனிக் காசு, வெந்நீருக்குக்கூடத் தனிக் காசு. ஓட்டல் அறைக்கு ஆகிற செலவைக் கொடுத்துவிட்டு, கட்டாந்தரையில் படுத்து அடுத்தவர் பாட்டைக் கேட்பதற்கு எதற்குக் காட்டுக்குப் போக வேண்டும்?

இந்த முறை முடிவோடு கிளம்பினேன். கழிவறை, குழாய், கரண்ட் எதுவும் இல்லாத இடம், ஆளும் இல்லாத இடம். ஆனால் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. பெட்ரோல் செலவு ஒரு பக்கம் இருக்க, வேலை முடிந்து கிளம்பினாலும் இருட்டுவதற்குள் கூடாரம் அடித்துவிட வேண்டுமே.

அப்படிப்பட்ட இடங்கள் நிறையவே இருக்கின்றன. ‘யாருக்கும் தெரியாத பத்து இடங்கள்’ மாதிரிப் பட்டியல்களில் கிடைக்காது. பட்டியலில் ஏறிய அன்றே அந்த இடம் போச்சு.

வீட்டை நடுவில் வைத்து மேப்பில் ஒரு வட்டம் போட்டேன். அதற்குள் எது பொது நிலம், எது தனியார் நிலம் என்று பிரிப்பதுதான் முதல் வேலை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, பயிரிடாத நிலத்தில், பொதுவாக இரண்டு இரவு வரை யாரையும் கேட்காமல் தங்கலாம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இதே மாதிரி உரிமை தருகிறது. எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் வந்தால் பெரும்பாலான இடங்களில் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். அமெரிக்கத் தேசியக் காடுகளில் பல பகுதிகளில் இலவசம், வழக்கமாக 14 நாள் வரம்பு. இந்தியாவில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். எங்கே இருந்தாலும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம் காண்டூர் மேப், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைக் கோடு போட்டு இணைத்துக் காட்டும் மேப். கோடுகள் நெருக்கி ஓடினால் செங்குத்து, விலகி ஓடினால் சமதரை. நெருக்கிக்கொண்டே வரும் கோடுகள் சரிவின் பாதியில் கொஞ்சம் விலகி, மறுபடி நெருக்குகிற இடம்தான் நான் தேடுவது. மலை இடுப்பில் ஒரு திண்ணை! பள்ளத்தாக்கின் அடியில் ராத்திரி குளிர்காற்று இறங்கித் தேங்கும், பனி கொட்டும். உச்சியில் காற்று கூடாரத்தைப் பிய்க்கும். நடுச்சரிவில் இரண்டும் குறைவு. அந்த இடத்தைச் சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கி, கூரை எதுவும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்கியதும் டயர் தடங்களுக்கு நடுவில் புல் முழங்கால் உயரம். நல்ல சகுனம், வண்டிகள் அதிகம் வருவதில்லை. ஆனாலும் ரோடு முடிகிற இடத்தில் கரிந்த கற்களும் உடைந்த பாட்டில்களும் கிடந்தன. எங்கேயும் இதே கதைதான், வண்டி போகிற கடைசி இடத்தில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அதிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் போதும், குப்பையும் இல்லை, ஆளும் இல்லை. மேப்பில் பார்த்த திண்ணை அப்படியே இருந்தது.

உடனே கூடாரத்தை விரிக்கவில்லை. தரையைப் பார்ப்பதற்கு முன் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். நல்ல நிழல் தந்த மரத்தில் ஒரு கிளை பட்டுப்போய், பட்டை உரிந்து, கீழ்க்கிளையின் கவையில் சும்மா சாய்ந்து நின்றது. இந்த மாதிரிக் கிளை காற்றே இல்லாமலும் விழும். கொஞ்சம் கீழே வறண்ட ஓடை, மெத்தை மாதிரி மணல். ஆசை காட்டும், ஆனால் படுக்கக் கூடாது. கரையோரப் புதர்களில் இடுப்பு உயரத்துக்குச் சருகும் வேரும் சிக்கியிருந்தன. வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது. மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். கடைசியில் ஓடையிலிருந்தும் மரத்திலிருந்தும் விலகிய புல்தரையில் அடித்தேன்.

தண்ணீர், கழிப்பிடம் பற்றி விவரமாக எழுத நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். கழிப்பிடக் குழி 15 முதல் 20 செ.மீ. ஆழம், நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி.

இதைச் சுருக்கியதற்குக் காரணம், அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமாவாசையை ஒட்டித்தான் நாள் பார்த்திருந்தேன். டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் முதலில் கொஞ்சம் நட்சத்திரம். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும், அதுவரை போனைத் தொடக் கூடாது. அப்புறம் பால்வீதி ஒரு மலையிலிருந்து எதிர்மலை வரைக்கும் துலக்கமாக விழுந்து கிடந்தது, நடுவில் இருக்கும் கரும்பட்டைகள் உட்பட! இரண்டு மணி நேரத் தூரத்தில் இத்தனை நாள் இது இருந்திருக்கிறது. விடியும் முன் ஏதோ ஒரு மிருகம் புல்லைக் கடிக்கும் சத்தம் கூடாரத்துணிக்கு அந்தப் பக்கமே கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

மொத்தச் செலவு பெட்ரோல் மட்டும்தான். அங்கே சிக்னல் கிடையாது. அதனால் எங்கே போகிறேன், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இடம் எது என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உங்கள் வட்டத்தை நீங்கள் போடுங்கள்.