முகவரியில் இல்லாத ஃப்ரீஹோல்டர்: லீஸை நீட்டிக்க நாங்கள் கடந்து வந்த வழி

கிழக்கு லண்டனின் மேனர் பார்க் பகுதியில், இரண்டு பிளாட்டுகளாகப் பிரிக்கப்பட்ட பழைய விக்டோரியா காலத்து வீடொன்றின் மேல்தளத்தை நாங்கள் 2009 இல் வாங்கினோம். லீஸ் (குத்தகை) 1984 இல் தொடங்கி 99 ஆண்டுகளுக்கானது; நிலத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டருக்குரிய தரைவாடகை ஆண்டுக்கு 50 பவுண். வாங்கிய நாளிலிருந்து அந்த வாடகையைக் கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. உரிய படிவத்தில் எழுத்துமூலம் கேட்கப்படும்வரை தரைவாடகை கட்ட வேண்டியதில்லை என்று லீஸ் தொடர்பான 2002 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால் நாங்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2022 இல் வீட்டுக்கடனை வேறொரு வங்கிக்கு மாற்ற முயன்றபோது, லீஸில் 61 ஆண்டுகளே மீதமிருப்பதால் முதலில் அதை நீட்டித்துக்கொண்டு வருமாறு சொல்லிவிட்டார்கள். நீட்டித்துத் தர வேண்டியவர் ஃப்ரீஹோல்டர். அவர் எங்கே இருக்கிறார் என்பது எங்களுக்கும் தெரியாது, கீழ்த்தளத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

ஊரில் காணி உறுதி கையில் இருந்தால் மண்ணும் அதன்மேல் நிற்கும் வீடும் நமதே என்று பழகியவர்கள் நாங்கள். இங்கே லீஸ்ஹோல்ட் என்பது நீண்டகாலக் குத்தகைதான் என்பதும், ஆண்டுகள் குறையக் குறைய வீட்டின் பெறுமதியும் கரைந்துபோகும் என்பதும் அப்போதுதான் முழுமையாக உறைத்தது.

முதலில் நாடியது நிலப் பதிவகத்தை. அரசின் இணையதளத்திலேயே தேடினால் ஒரு பதிவேட்டுப் பிரதிக்கு அன்று 3 பவுண். 2024 டிசம்பரிலிருந்து 7 பவுண். இதே பிரதியைப் பல மடங்கு விலைக்கு விற்கும் தனியார் தளங்கள் தேடலில் முன்னால் வந்து நிற்கும் என்பதால், இணைய முகவரியைக் கவனித்துப் பார்த்தே பணம் கட்ட வேண்டும். எங்கள் முகவரியைக் கொடுத்தபோது எங்கள் லீஸின் பதிவு மட்டுமே வந்தது. ஃப்ரீஹோல்ட் பதிவு கிடைக்காததால், வரைபடத்தில் குறிப்பிட்ட நிலத்துண்டின்மேல் என்னென்ன உரிமைகள் பதிவாகியுள்ளன என்று காட்டும் அட்டவணைத் தேடலுக்கு விண்ணப்பித்தோம். அதன்பின்தான் ஃப்ரீஹோல்டின் பதிவு எண் கிடைத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் நில விற்பனையைப் பதிவது கட்டாயமானது 1990 டிசம்பரில்தான் என்பதால், நெடுங்காலம் கைமாறாத நிலங்கள் சில இன்றும் பதிவில்லாமலே கிடக்கின்றன. எங்களுடையது அப்படி இல்லாமல் போனது நல்லகாலம். பதிவேட்டில் ஒரு தனிமனிதரின் பெயரும், 1991 இல் பதியப்பட்ட இல்ஃபோர்ட் முகவரி ஒன்றும் இருந்தன.

அந்த முகவரிக்குப் பதிவுத்தபாலில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து உறை திரும்பி வந்தது. என் கையெழுத்தின்மேல் நீலப் பேனாவால் குறுக்காக ஒரு கோடு. பக்கத்தில், இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைக் கிழித்துப் போடவிருந்தேன். அன்று மாலை தற்செயலாகத் தொலைபேசியில் அழைத்த எங்கள் சட்டத்தரணி, உறையைப் பிரிக்காமல் அப்படியே வைக்கச் சொன்னார். இந்த அனுபவத்தில் நான் கற்ற மிகப் பயனுள்ள பாடம் அதுதான். ஆளைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் நாம் தேடுவதில்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் தேடுகிறோம். ஆகவே பதில் வராத கடிதமும் திரும்பி வந்த உறையும் ஆதாரங்களே. அன்றிலிருந்து ஒவ்வொரு முயற்சியையும் தேதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்.

அடுத்து, அதே வீட்டில் இப்போது குடியிருப்பவருக்கு என்று விலாசமிட்டு இன்னொரு கடிதம் அனுப்பினேன். அவர் அன்போடு அழைத்து, 2003 இல் வீட்டை வாங்கியதாகவும் முன்னவர் எங்கே போனார் என்று தெரியாதென்றும் சொன்னார். கீழ்த்தளத்துப் பெண்மணியிடம் 1997 ஆம் ஆண்டு வாடகைப் பற்றுச்சீட்டு ஒன்று இருந்தது. பழைய மின்கட்டண ரசீதுகளோடு ஒரு பிஸ்கட் டின்னில் அதை வைத்திருந்தார். அதில் சவுத்எண்ட் முகவரி ஒன்று இருந்ததைக் கண்டபோது ஆள் கிடைத்துவிட்டார் என்றே நினைத்தோம். அங்கே அனுப்பிய கடிதமும் திரும்பியது.

அவர் இறந்திருக்கக்கூடும் என்பதால் மரண சாசனப் பதிவுகளிலும் தேடினோம். அதே பெயரில் சிலர் இருந்தனர். முகவரியோ வயதோ எவரோடும் பொருந்தவில்லை. ஆள் தேடித் தரும் முகவர் ஒருவருக்கும் பணம் கட்டினோம். அவரும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுத்தில் தந்தார். வாடகையை யாராவது வாங்கிக்கொண்டிருந்தால் வழி எளிது: வீட்டு உரிமையாளர், வாடகையாளர் பற்றிய 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரிடம் எழுத்துமூலம் கேட்டால், உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் 21 நாட்களுக்குள் தந்தாக வேண்டும், தக்க காரணமின்றித் தராவிட்டால் அது குற்றம். ஃப்ரீஹோல்டர் கலைக்கப்பட்ட கம்பெனியாக இருந்தால் கதை வேறு. அச்சொத்து அரச முடிக்குரியதாகிவிடுவதால், உரிமையற்ற சொத்துகளைக் கையாளும் அரசுச் சட்டத்துறைப் பிரிவை அணுக வேண்டும்.

எங்களுக்கு எஞ்சியது லீஸ் நீட்டிப்பு உரிமை பற்றிய 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50 ஆவது பிரிவு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று கவுண்டி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், அவர் இல்லாமலே புதிய லீஸுக்கு உத்தரவிடலாம். என் சத்தியக் கூற்றோடு உறைகள், பற்றுச்சீட்டின் பிரதி, முகவரின் அறிக்கை அனைத்தையும் இணைத்து 2023 கோடையில் விண்ணப்பித்தோம். நீதிபதி உடனே சம்மதிக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் ஒன்று கொடுத்துவிட்டு வரச் சொன்னார். காத்திருப்பது மனத்தை வருத்தினாலும் அதில் நியாயம் இருந்தது. காணாத ஒருவரின் சொத்துரிமையைத் தொடுவதற்கு முன் அவருக்கு இன்னொரு வாய்ப்புத் தரத்தான் வேண்டும். லீஸ் எழுதி முடிவதற்குள் அவர் வந்திருந்தால், வழக்கமான முறைப்படி அவரோடு பேசியிருப்போம்.

விளம்பரத்துக்கும் பதில் இல்லாததால் உத்தரவு கிடைத்தது. விலையை நிர்ணயிப்பது சொத்துத் தீர்ப்பாயத்தின் வேலை. எங்கள் மதிப்பீட்டாளரின் அறிக்கையை அவர்கள் அப்படியே ஏற்காமல் தொகையைச் சற்று உயர்த்தினார்கள். மீதி ஆண்டுகள் 80க்குக் கீழே போய்விட்டதால், நீட்டிப்பினால் கூடும் பெறுமதியில் பாதியையும் சேர்த்தே கட்ட வேண்டியிருந்தது. நாங்கள் வாங்கியபோதே 74 ஆண்டுகள்தான் மீதமிருந்தன; ஆனாலும் தாமதிக்காமல் நீட்டித்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் அன்றைய சட்டத்தரணி ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தச் சுமை குறைந்திருக்கும் என்ற மனக்குறை இன்றும் உண்டு. அப்போது உரிமை கோர இரண்டு ஆண்டுகள் சொந்தக்காரராக இருந்திருக்க வேண்டும். 2025 ஜனவரி 31 முதல் அந்த நிபந்தனையும் இல்லை.

பணத்தை நீதிமன்றத்தில் கட்டினோம். ஃப்ரீஹோல்டரின் இடத்தில், நீதிமன்றம் நியமித்தவர் கையொப்பமிட்டார். மீதியிருந்த காலத்தோடு 90 ஆண்டுகள் கூடின. தரைவாடகை ஒரு மிளகு என்றாகியது. வாடகையே இல்லை என்பதை இந்நாட்டுச் சட்டம் அப்படித்தான் எழுதுகிறது. 2024 இறுதியில் நிலப் பதிவகம் புதிய லீஸைப் பதிந்து தந்தது.

ஃப்ரீஹோல்ட் பதிவேட்டில் அந்த மனிதரின் பெயரும் பழைய இல்ஃபோர்ட் முகவரியும் இன்னமும் இருக்கின்றன. அவருக்குரிய பணம் நீதிமன்றக் கணக்கில் இருக்கிறது. கீழ்த்தளத்துப் பெண்மணியும் இப்போது தன் லீஸை நீட்டிக்கத் தொடங்கியுள்ளார். என் கொப்பியின் பிரதியைக் கொடுத்துவிட்டு, அதை நம்பி இருந்துவிடாமல் இரண்டு முகவரிகளுக்கும் தன் பெயரிலேயே புதிதாகப் பதிவுத்தபால் அனுப்பச் சொன்னேன். சென்ற வாரம் இருவருமாகத் தபால் நிலையத்துக்குப் போய் அவற்றை அனுப்பிவிட்டு வந்தோம்.