"யார் சொல்லி வந்தீர்கள்?"

திருப்பூரில் ஒரு பனியன் முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் வேறிடம். நேற்று மாலை சாயப்பட்டறையில் பாய்லர் பழுது. எங்கள் துணி அப்படியே நின்றுவிட்டது. தெரிந்த அண்ணன் ஒருவருக்கு ஒரே ஒரு போன். இரவு பத்து மணிக்கு வேறு பட்டறையில் துணி இறங்கிவிட்டது. முன்பணம் கேட்கவில்லை. "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அதற்குப் பதில் இல்லாதவர் என்ன செய்வார்? பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு நினைவுக்கு வந்தது. உள்ளூர்ச் சொந்தபந்தம் உள்ளவர்கள் பெரிய முதலோடு தொடங்குகிறார்கள். வெளியாட்கள் சிறிதாகத் தொடங்கிச் சில ஆண்டுகளில் அவர்களையே முந்திவிடுகிறார்கள். நான் முதல் வகை. இரண்டாம் வகைக்காரர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். போன மாதம் இன்னொரு பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மேசை, போட்டிருக்கிறார்.