சொம்பில் முதலில் தண்ணீர்

கும்பகோணத்தில் கும்பேஸ்வரன் கோயில் பக்கம் ஒரு பாத்திரக் கடை. அதன் ஆன்லைன் விற்பனையை நான் பார்த்துக்கொள்கிறேன். பேக்கிங், கூரியர், ரிட்டர்ன், வாட்ஸ்அப் பதில் எல்லாம் என் வேலை. வீடியோவும் என் தலையில்தான் விழுந்தது. "வாங்குறவங்களுக்கு எப்படிப் பயன்படுத்தணும்னு சின்னதா எடுத்துப் போடுங்க தம்பி" என்றார் முதலாளி.

முதல் வீடியோ ஈயச் சொம்புக்கு. காவிரிப் படித்துறையில் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்போது மே மாதம், ஆற்றில் மணல்தான் கிடந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருந்து எடுத்தேன். ஆறு, கோபுரம், நாதஸ்வரம், சொம்பின் பெருமை என்று நாலரை நிமிடம் ஓடியது.

கொஞ்ச நாளில் பெங்களூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். சொம்பு அடுப்பிலேயே உருகிவிட்டதாம். படமும் அனுப்பியிருந்தார். பர்னர் மேல் வெள்ளியைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது.

"வீடியோ பாத்தீங்களாம்மா?"

"பாத்தேனே! ஆறு ரொம்ப அழகா இருந்துச்சு."

காலிச் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்பதை நான் மூன்றாவது நிமிடத்தில், நாதஸ்வரத்துக்கு நடுவே சொல்லியிருந்தேன். வேறு சொம்பு அனுப்பிவைத்தோம்.

ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் தீயின் சூடு அதைவிடப் பல மடங்கு. உள்ளே ரசம் இருந்தால், அது 100 டிகிரியை ஒட்டியே நின்று சொம்பைக் காப்பாற்றுகிறது. இதை முதலாளியின் அம்மாவிடம் சொன்னேன். "வெறும் சொம்பை யாருடா அடுப்புல வப்பா? இதையெல்லாமா சொல்லிக் கொடுக்கணும்?" என்று சிரித்தார்.

கடையில் எல்லோருக்கும் அதே நினைப்புதான், எனக்கும் சேர்த்து. அதனால் அடுத்த தடவை அவரைப் பேசச் சொல்லவில்லை. சமையல்கட்டு ஓரத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லாமல் செய்வதை மட்டும் எழுதினேன். முதலில் புளித்தண்ணீரை ஊற்றினார், பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார். தீ சொம்பின் அடியைத் தாண்டி வெளியே வராதபடி குறைத்தார். இடத்தை விட்டு நகரவேயில்லை. நுரை கூடி மேலே வந்ததும் இறக்கிவிட்டார். தாளிப்பு தனியாக இரும்புக் கரண்டியில். சொம்பிலேயே தாளித்தால் என்ன என்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெறும் எண்ணெய் தண்ணீரைப்போல் 100 டிகிரியில் நிற்காதே! கழுவும்போது கம்பி நார் பக்கம் கை போகவில்லை.

இரண்டாவது வீடியோ 40 விநாடி, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. திறந்ததும் சொம்பில் தண்ணீர் ஊற்றும் அவர் கை. குரல் கிடையாது. பஸ்ஸில் போகிறவர்கள் சத்தம் வைத்துப் பார்ப்பதில்லை என்பதால் பெரிய எழுத்து. ஆங்கில எழுத்து போட்டபோது ஈயம் என்பதற்கு 'லெட்' என்று போட்டுத் தொலைத்தேன். காரீயத்தில் ரசமா என்று பதறி இரண்டு பேர் ஆர்டரை ரத்து செய்தார்கள். நியாயம்தானே, அது விஷம். 'டின்' என்று திருத்திப் போட்டேன்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கு 15 விநாடியே போதுமாக இருந்தது. பாதம், தண்டு, எண்ணெய் நிற்கும் தங்குழி, மேலே பிரபை என்று தனித்தனியாகக் கழற்றித்தான் அனுப்புவோம். மரையில் திருகிக்கொள்ள வேண்டும். அதைத் தெரியாமல் "விளக்கு உடஞ்சு வந்திருக்கு" என்று ரிட்டர்ன் போட்டவர்கள் உண்டு. இப்போது ஒரு கை நாலையும் திருகிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சொம்பு உருகிய புகார் அதற்குப் பிறகு வரவில்லை. போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் பேசினான். "அண்ணா, வீடியோல காட்டின மாதிரியே தண்ணி ஊத்தித்தான் வச்சேன். அரை மணி நேரமாச்சு, சூடே ஆகலை."

இண்டக்‌ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் எப்படிச் சூடாகும்? முதலாளியின் அம்மா வீட்டில் இண்டக்‌ஷன் இல்லை, அதனால் என் நோட்டிலும் அது இல்லை. அக்கா வீட்டு அடுப்பைக் கேட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எடுக்கவேண்டும்.