இறுக்கினால் நிற்காது: சேலத்து உப்புத் தண்ணீரும் பைப் வாஷரும்

பைப் சொட்டுகிறது என்றதும் கை தானாகப் போய்க் கைப்பிடியை இன்னும் அரைச் சுற்று இறுக்கும். இரண்டு நாள் நிற்கும். அப்புறம் முன்னைவிட மோசமாகச் சொட்டும். பைப்புக்குள் தண்ணீரை அடைக்கும் ரப்பர் வட்டுதான் வாஷர், அது போய் உட்காரும் பித்தளைத் துளைதான் சீட். ஏற்கெனவே பள்ளம் விழுந்த ரப்பரை இறுக்க இறுக்க, சீட்டின் விளிம்பு அதை வட்டமாக அறுத்துக்கொண்டே போகிறது. ரப்பர் அறுந்துபோனால் அதைத் தாங்கும் ஜம்பர் தட்டு நேராகச் சீட்டில் உரசும். சில ரூபாய் வாஷரோடு முடிய வேண்டியது, பைப்பையே மாற்றும் வேலையில் போய் நிற்கும்.

சொட்டுதானே என்று நினைப்பவர்கள் அடியில் ஒரு டம்ளர் வைத்துப் பார்க்கலாம். 200 மில்லி டம்ளர் பத்து நிமிஷத்தில் நிறைந்தால் நாளுக்கு 28.8 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு குடம்.

கழற்றும் முன் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். மூடிய பிறகும் வாய் வழியே சொட்டினால் கோளாறு வாஷரில் அல்லது சீட்டில். திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் வாஷர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கோளாறு கிளாண்டில், அதாவது ஸ்பிண்டில் என்ற கைப்பிடித் தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் இடத்தில். கிளாண்டு நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும், இறுக்கிப் பலன் கிடைக்கும் ஒரே இடம் இதுதான். நிற்காவிட்டால் நட்டைத் தூக்கி, டெஃப்லான் டேப்பைக் கயிறு மாதிரி முறுக்கி, ஸ்பிண்டிலைச் சுற்றி நாலைந்து சுற்று திணித்து மறுபடி நட்டைப் போடுங்கள். புது மாடல்களில் அந்த இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும்; அதை மாற்றத்தான் வேண்டும். சுவரோரம் ஈரம் என்றால் மரையில் சுற்றிய டேப் போய்விட்டது.

சத்தத்துக்கும் இப்படி விலாசம் உண்டு. பாதி திறந்தால் கொர்ரென்று அதிர்ந்து, முழுக்கத் திறந்தால் அடங்குகிறதா? ஜம்பரோ, வாஷரைப் பிடிக்கும் குட்டி நட்டோ தளர்ந்து ஆடுகிறது. கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் ஸ்பிண்டில் மரையே தேய்ந்திருக்கிறது, எத்தனை வாஷர் போட்டாலும் சத்தம் போகாது. திருகும்போது மட்டும் கிறீச்சிட்டால் ஸ்பிண்டில் காய்ந்துபோயிருக்கிறது. சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகும், ரப்பரையும் ஊத வைக்கும். வாயில் வலை வைத்த பைப் விசிலடித்தால் வலையில் உப்பு அடைத்திருக்கிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரத்தில் முதலில் புஸ்ஸென்று சீறித் துப்புவது லைனில் அடைபட்ட காற்று. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

இனி வாஷர் மாற்றும் வேலை. மொட்டைமாடித் தொட்டியின் கேட் வால்வை மூட வேண்டும். வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்து இறுகிய வால்வை முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறிந்து கையோடு வந்துவிடும். கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி என்று அசைத்து அசைத்துத்தான் மூட வேண்டும். அசையவே இல்லையென்றால் தொட்டிக்குள்ளேயே, தண்ணீர் வெளியேறும் துளையில், துணி சுற்றிய கட்டையை அடைத்து வேலையை முடிக்கலாம். எடுக்க மறக்காதீர்கள்.

கீழே வந்து பைப்பைத் திறந்து லைனை வடிய விடுங்கள். சிங்க் ஓட்டையில் ஒரு துணி போடுங்கள், அந்தக் குட்டி நட்டு உள்ளே விழுந்தால் தேடி எடுக்க முடியாது. கைப்பிடி மேலுள்ள மூடியை நெம்பி, ஸ்க்ரூவைக் கழற்றி, கைப்பிடியை எடுங்கள். இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம்: தலைப்பகுதியைக் கழற்றும் முன் ஸ்பிண்டிலைப் பாதி திறந்த நிலையில் வையுங்கள். மூடிய நிலையில் கழற்றினாலும் மாட்டினாலும் ஜம்பர் சீட்டை நெருக்கி இரண்டையும் கெடுக்கும். ஸ்பேனர் பிடிக்கும் இடத்தில் துணி சுற்றினால் குரோம் பூச்சில் கீறல் விழாது.

பழைய வாஷரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் மோதிரம் அழுத்தியது மாதிரி ஒரே சீரான வட்டம் பதிந்திருந்தால் வாஷர் மட்டும் போயிருக்கிறது. அந்த வட்டத்தில் ஒரு இடம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் விரலை உள்ளே விட்டுச் சீட்டின் விளிம்பை நகத்தால் சுற்றித் தடவுங்கள். நகம் சிக்கினால் தண்ணீர் பித்தளையை அறுத்துக் கோடு போட்டிருக்கிறது. சீட் கட்டர் வைத்திருக்கும் பிளம்பர் இரண்டு நிமிஷத்தில் அதைச் சமமாக்கிவிடுவார். புதிய வாஷர் மட்டும் போட்டால் சில வாரம் மூடி மறைக்கும், அவ்வளவுதான். சீட்டில் வெள்ளையாகப் படிந்த உப்பை வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டாம். உப்போடு சேர்த்துக் குரோமையும் பித்தளையையும் அது தின்னும்.

கடைக்குப் போய், "அரை இஞ்ச் வாஷர் ஒண்ணு குடுங்கண்ணா" என்றால் கிடைப்பது பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். அரை இஞ்ச் என்பது பைப் மரையின் அளவு, வாஷரின் அளவில்லை. பழையதை ஜம்பரோடு எடுத்துப் போய், தட்டின் மேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். சீட் விளிம்பைச் சுற்றிலும் தாராளமாக மூட வேண்டும், ஆனால் பைப் உடம்பின் பக்கச் சுவரில் உரசக் கூடாது. தடிமன் கூடிப்போனால் பைப் முழுக்கத் திறக்காது. ஜம்பரின் குட்டி நட்டு உப்பில் அரித்திருந்தால் வாஷரை மட்டும் வாங்காமல் ஜம்பர் செட்டாகவே வாங்குங்கள். கடை பூட்டியிருந்தால் பழைய வாஷரைத் திருப்பிப் போடுங்கள். பதியாத பக்கம் சில நாள் தாங்கும்.

எந்த வாஷர் என்பதைத் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். சேலத்தில் பல வீடுகளில் இரண்டு லைன்: காவிரியிலிருந்து வரும் நல்ல தண்ணீர் ஒன்று, போர் உப்புத் தண்ணீர் ஒன்று. போர் லைனுக்குக் கொஞ்சம் மிருதுவான கறுப்பு ரப்பர்தான் என் தேர்வு. சீட்டில் உப்புப் பொடி இருந்தாலும் அது அமுங்கிக்கொடுக்கும். நைலான், டெஃப்லான் வாஷர்கள் நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மை, ஆனால் சீட் கண்ணாடி மாதிரி இருந்தால்தான். ஒரு பொடி சிக்கினாலும் சொட்டும். தோல் வாஷர் நல்ல தண்ணீர் பைப்பில் தோற்கும். சில நாளுக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் வரும் லைனில் தோல் இடையில் காய்ந்து சுருங்குகிறது. கடையில் தொங்கும் சிவப்பு ஃபைபர் வாஷர் குழாய்களை இணைக்கும் யூனியன் ஜாயின்ட்டுக்கானது, சீட்டில் போட அல்ல. கீசர் லைனில் சாதா ரப்பர் சூட்டில் ஊதி வழியை அடைக்கும். திறந்த சற்று நேரத்தில் தண்ணீர் தானாக ஒடுங்கினால் அதுதான் காரணம். அங்கே சிலிக்கான் வாஷர் கேளுங்கள்.

கால் சுற்றில் திறந்து மூடும் பைப்பில் வாஷரே கிடையாது, இரண்டு செராமிக் தட்டு உள்ள கார்ட்ரிட்ஜ்தான். அது சொட்டினால் கழற்றி வினிகரில் அரை மணி ஊறவைத்துப் பாருங்கள். மாற்றுவதென்றால் தலையிலுள்ள பற்களை எண்ணி, உயரம் பார்த்து வாங்குங்கள். எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் முக்கியம்.

ஏற்காட்டில் கதை வேறு. சரிவில் மேலே தொட்டி, கீழே வீடு. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் என்றால், தொட்டி 40 மீட்டர் மேலே இருக்கும் வீட்டில் நாலு கிலோ. சேலத்து மாடி வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு கிலோகூட வராது. அதனால் அங்கே கால் சுற்று பைப்பைப் படக்கென்று மூடினால் சுவருக்குள் டம்மென்று இடிக்கும். ஓடிவந்த தண்ணீர் திடீரென நின்று பைப்பையே உதைக்கிறது. மெதுவாக மூடுவது ஒரு வழி. வெளியே ஓடும் அரை இஞ்ச் பைப்புக்கு மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் அடிப்பது இன்னொன்று. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பிரஷர் குறைக்கும் வால்வு போட்டால் வாஷர்களின் ஆயுளும் கூடும்.

பைப்பையே மாற்றினால், கடைக்காரர் காந்தம் வைத்து, ஒட்டவில்லை, அதனால் பித்தளைதான் என்று காட்டுவதை நம்ப வேண்டாம். துத்தநாகக் கலவையும் காந்தத்தில் ஒட்டாது. கையில் கனம் பாருங்கள். டெஃப்லான் டேப்பை மரை முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் 10 முதல் 15 சுற்று இழுத்துச் சுற்றுங்கள். வாய் நேராக வரவில்லையென்று பின்னோக்கித் திருப்பினால் டேப் கிழிந்து கசியும். முழுக்கக் கழற்றி, டேப்பை உரித்து, இரண்டு சுற்று கூட்டி மறுபடி மாட்டுங்கள்.