பண்ணைக் கடலும் வெள்ளையாய்ப்போன வானமும்

போன கிழமை மூன்று பின்னேரம் தொடர்ந்து யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைக்குக் கமராவைக் கொண்டுபோனேன். முதல் நாள் எடுத்தது அத்தனையும் ஜேபெக், கமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் படம். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் சூரியனைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவு வானம் வெறும் வெள்ளை, ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதியை, எவ்வளவு இறக்கியும் அந்த இடம் சாம்பலாகிறதே தவிர நிறம் திரும்பி வரவில்லை. எட்டு பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில், அதாவது கமரா பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பில், 16,384. இந்த வித்தியாசத்தை வாசித்திருந்தேன், கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் ரா. வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது பாதியாக, குறைத்து, வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டேன். படம் இருண்டுதான் தெரிந்தது, ஆனால் எடிட்டிங்கில் நிழலை ஏற்றியபோது மீன் பிடிக்கக் கடலில் நட்ட களங்கண்டித் தடிகளும், ஒரு தடியில் சிறகை விரித்துக் காயவைத்த நீர்க்காகமும், அதன் கழுத்து வளைவுகூட வடிவாய் வெளியே வந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இன்னொன்று, வைட் பேலன்ஸ், வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு. ஓட்டோவில் விட்டால் கமரா அந்திச் செம்மஞ்சளைப் பிழை என்று நினைத்துக் கழுவிவிடும். இப்போது பகல் வெளிச்சத்துக்கான அளவான 5500 கெல்வினில் நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன்.

சாட்சுரேஷனை, அதாவது நிறத்தின் செறிவை, மட்டும் கூட்டாதீர்கள். பண்ணைக்குப் பக்கத்து ஒல்லாந்தர் கோட்டைச் சுவரின் முருகைக்கல்லுக்கு ஒரு மங்கல் நிறம் உண்டு, அது போய்விட்டால் அது எங்கள் கோட்டை இல்லை.

நாளைக்கு விடிய பாசையூர்.