ஒரு கொத்தில் மூணு நிறம்

"பச்சையத் தொட்டுறாத கண்ணு, அது இன்னும் ரெண்டு வாரம் போவணும்."

இன்னைக்கு காலைல ஏற்காட்டுல, காபி பறிச்சிட்டிருந்த ஒரு அக்கா சொன்னது.

ஒரே கொத்து. அதுல பச்சை, மஞ்சள், நல்ல குங்குமச் சிவப்பு மூணும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அவங்க விரல் சிவந்ததை மட்டும் திருகி எடுக்குது. இடுப்புல கட்டின பையில பொத்துப் பொத்துன்னு விழுது.

ஒண்ணை வாங்கிப் பிதுக்கிப் பார்த்தேன். வழவழன்னு ஒரு பசை, நாக்குல வெச்சா தித்திப்பு. காபி வாசனை துளிகூட இல்லை! உள்ளே ரெண்டு கொட்டை, தட்டையான பக்கம் ஒண்ணோடொண்ணு ஒட்டி. சில பழத்துல ஒத்தைக் கொட்டைதான் உருண்டையா இருக்குமாம். நம்ம காபிப்பொடி கடையில 'பீபெரி'ன்னு கேட்டு வாங்குறோமே, அதேதான்.

மார்ச், ஏப்ரல்ல கோடை மழை விழுந்ததும் மல்லி மாதிரி மணக்குற வெள்ளைப்பூ. ரெண்டு மூணு நாள்ல வாடிடும். அப்புறம் எட்டு ஒன்பது மாசம் காத்திருந்தாத்தான் இந்தச் சிவப்பு. ஒரே செடிக்கு மூணு நாலு தடவை திரும்பி வரணும். நடுவுல மழை பிடிச்சா பழம் வெடிச்சுக் கொட்டிடும்.

சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820-கள்ல இந்த மலையில காபி போட்டார்னு எல்லாருக்கும் தெரியும். பறிக்கிற கைகளோட பேரு எங்கேயும் எழுதலை.

எனக்கு அதுதான் மனசுல நிக்குது.

கிளம்பும்போது அந்தக்கா கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுத்த பழச்சாறு.

"கழுவினாப் போவாது, சீசன் முடிஞ்சாத்தான் போவும்"னு சிரிச்சாங்க.