மாங்காய் மண்டியில் கேட்ட இரண்டு குரல்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன். நேற்று அப்பாவின் மண்டியில் இருந்தேன். ரோட்டோரம் நின்ற லாரி டிரைவரிடம் அப்பா சத்தமாகப் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் மாமா என்னிடம் மெதுவாகக் கணக்கு சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில். அப்பாவின் குரலை விலக்கிவிட்டு மாமா சொன்னதைக் கேட்க முடிந்தது. செல்போன் சிக்னலில் நான் இரண்டு வருடமாகப் படிப்பது இதைத்தான்!

2022-இல் நம் நாட்டு 5ஜி அலைவரிசை ஏலத்தில் விற்ற 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகளில் வேகம் அதிகம். ஆனால் சுவரோ மரமோ, ஏன், ஒரு ஆள் குறுக்கே வந்தாலே சிக்னல் தளர்ந்துவிடும். அதனால் டவர் டார்ச் வெளிச்சம்போல் குறுகலான கற்றையாக அனுப்பும். அந்த ஒரே கற்றையை, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பகிரலாம். தூரத்தில் இருப்பவருக்கு அதிக சக்தி, பக்கத்தில் இருப்பவருக்குக் குறைவு. பக்கத்துப் போன் முதலில் அந்தப் பெரிய சிக்னலைப் படித்து, கழித்துவிட்டு, மிச்சத்தில் தன்னுடையதை எடுத்துக்கொள்ளும். தூரத்துப் போனுக்கு அந்தச் சின்ன சிக்னல் வெறும் இரைச்சல்தான்.

யாரை யாரோடு சேர்ப்பது என்பதுதான் கஷ்டமே. இருவரும் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்க வேண்டும், சிக்னல் பலத்தில் நல்ல வித்தியாசமும் வேண்டும். கழித்தலில் சின்னப் பிழை வந்தாலும் பக்கத்துக்காரர் பாடு திண்டாட்டம். ஆள் நகர்ந்தால் ஜோடியை மறுபடி மாற்ற வேண்டும்.

எனக்கு இதில் பிடித்ததே தூரத்தில் இருப்பவருக்குத்தான் பெரிய பங்கு என்பது. மாமாவிடம் சொன்னேன். "அப்போ லாரிக்காரருக்குத்தான் லாபம்" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார்.